காலி இடமும் கம்பைலரும்

"மதிப்பிற்குரிய அவர்களுக்கு, தங்கள் ஓய்வூதியம் ரூ. வரவு வைக்கப்பட்டது." இப்படிப் பெயரும் தொகையும் இல்லாத குறுஞ்செய்தி உங்களில் சிலருக்காவது வந்திருக்கும். சிரித்துவிட்டு அழித்திருப்பீர்கள். எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் ஓர் அம்மாளுக்கு அப்படி வந்தபோது, பென்ஷனை நிறுத்திவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டார். ஆட்டோ பிடித்து அலுவலகம் போனவரை, "அது கம்ப்யூட்டர் மிஸ்டேக் பாட்டி" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பதிலை நான் ஏற்கமாட்டேன். கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்தது. எப்படிப்பட்ட கருவியில் கடிதம் தயாரிப்பது என்று முடிவு செய்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாங்கள் சைக்ளோஸ்டைல் படிவத்தில் புள்ளிக்கோடு விட்டது போல, இப்போது டெம்ப்ளேட் என்ற மாதிரிக் கடிதத்தில் பெயருக்கும் தொகைக்கும் இடம் விடுகிறார்கள். புரோகிராம் ஓடும்போது அவை நிரப்பப்படும். பைத்தான் மொழியில் இணையதளம் கட்டப் பலரும் பயன்படுத்தும் ஜாங்கோவில், கேட்ட விவரம் கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே போவதுதான் வழக்கமான ஏற்பாடு. ஒரு சின்ன விவரத்துக்காக முழுப் பக்கமும் நின்றுபோக வேண்டாம் என்றால் அது நியாயம்தான். விளம்பரத்துக்கு அது போதும். பென்ஷன் கடிதத்துக்குப் போதாது.

பாரிஸில் படிக்கும் பேரன் விட்டுப்போன பாடப்புத்தகத்தை, பிரெஞ்சு வழியில் படித்தவன் என்ற தைரியத்தில் புரட்டினேன். ஓகாமல் என்ற மொழி பற்றியது. பிரான்ஸின் இன்ரியா ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி 1996-ல் வெளிவந்த ஃபங்ஷனல் மொழி அது. அதில் கடித வாசகத்தில் இது எழுத்துக்கான இடம், இது எண்ணுக்கான இடம் என்று குறியிட்டு எழுதுகிறோம். புரோகிராமை இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கம்பைலர் அந்தக் குறிகளைப் படிக்கிறது. எண் கேட்ட இடத்தில் எழுத்தைக் கொடுத்தால் புரோகிராமே உருவாகாது. 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்ற நிலையில் உள்ள விவரம் அங்கே தனி வகை. இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதிக் கொடுக்கும்வரை அதைப் படிவத்தில் நேரடியாகப் போட முடியாது.

ஹாஸ்கல் என்ற மொழியில் இது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே யெசோட் என்ற கருவியோடு வரும் டெம்ப்ளேட் மொழிக்கு ஹாம்லெட் என்று பெயர். முழு இணையப் பக்கத்தையும் கம்பைல் செய்யும்போதே வாசித்து, இல்லாத பெயரைக் குறிப்பிட்டிருந்தாலும், அந்தத் தளத்திலேயே இல்லாத பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தாலும் நிறுத்திவிடுகிறது.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. கடிதத்தில் ஒரு சொல்லை மாற்றவும் புரோகிராமரைத் தேடிப்போய் மறுபடி கம்பைல் செய்யச் சொல்ல வேண்டும். செய்யட்டுமே! எங்கள் காலத்தில் படிவத்தில் ஒரு வரி மாற்ற அதிகாரி கையெழுத்து வேண்டும். அந்தத் தாமதத்தை நாங்கள் திட்டியிருக்கிறோம். ஆனால் பத்தாயிரம் பேருக்குப் போகும் காகிதத்தில் ஒரு நாள் தாமதம் பெரிய விலை அல்ல.

கம்பைலரைக் கடவுளாக்கவும் வேண்டாம். கணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மகன் பெயர் வந்தால் அதற்குத் தெரியாது, இரண்டும் எழுத்துதான். செல்வம் என்ற பெயரோடு 'க்கு' ஒட்டினால் தமிழ் கெடும் என்பதும் தெரியாது. அதனால்தான் பெயருக்குப் பின் 'அவர்கள்' போட்டு, வேற்றுமை உருபை அதில் ஒட்டினோம். மரியாதையும் ஆயிற்று, இலக்கணமும் தப்பித்தது. பிரெஞ்சுப் படிவங்களில் 'பிறந்த' என்பதற்குப் பெண்பால் எழுத்தை அடைப்புக்குறிக்குள் போடுவதும் இதே சாமர்த்தியம்தான். இதெல்லாம் மனிதர் பார்க்க வேண்டிய வேலை.

ஆனால் இயந்திரம் முன்கூட்டியே பிடிக்கக்கூடிய பிழையைப் பிடிக்காமல் விட்டு, அதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கடிதம் பெறுபவர் தலையில் கட்டுவது நிர்வாகம் ஆகாது. அரசுக்கு மென்பொருள் வாங்குகிறவர்கள் விலையோடு இதையும் கேட்கட்டும்: விவரம் இல்லாவிட்டால் உங்கள் கடிதம் நிற்குமா, கிளம்பிவிடுமா?