கப்பலை நம்பிய எண்ணெய்ச் சட்டி

ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் மானாவாரிச் செம்மண்ணில் கடலை போட்டு வளர்ந்த வீடுகள் நம்முடையவை. காயை உடைத்து, பருப்பைக் காயவைத்து, செக்குக்குக் கொண்டுபோனால் எண்ணெயும் புண்ணாக்குமாக வீடு திரும்பலாம். இன்றைக்கு அந்த வீட்டு அடுப்படியில் ரேஷன் பாமாயில் பாக்கெட் இருக்கு. கடலைக் காட்டில் முந்திரியோ தைலமரமோ நிற்கிறது. பெரம்பலூர் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம்.

“ஏன் கடலையை விட்டீங்க?” என்று கேட்டால், “கட்டுபடியாகலைங்க” என்பார்கள். உண்மைதான். ஆனால் ஏன் கட்டுபடியாகாமல் போனது? அதற்கு இரண்டு தீவு நாடுகளைப் பார்த்துவிட்டு வருவோம்.

முதலில் இந்தோனேசியா. அங்கே சோயாவில் செய்யும் டெம்பே ஏழை வீட்டுச் சாப்பாடு. 1992இல் அந்நாட்டு உழவர்கள் சுமார் 18.7 லட்சம் டன் சோயா விளைவித்தார்கள். 1998 நெருக்கடியில் சர்வதேச நாணய நிதியம் சொன்னபடி கதவு திறந்தது. அரசு நிறுவனம் மட்டுமே இறக்குமதி செய்யலாம் என்ற ஏற்பாடு போயிற்று, வரியும் போயிற்று. மலிவான அமெரிக்க சோயா வந்து இறங்கியது, உள்ளூர் உழவர் ஒதுங்கிக்கொண்டார். இன்று தேவையில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. உலக விலை ஏறியபோது, 2008 சனவரியிலும் 2021 சனவரியிலும், டெம்பே செய்பவர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். இத்தனைக்கும் உலகிலேயே அதிகமாகப் பாமாயில் எடுக்கும் நாடு அது. உள்நாட்டில் எண்ணெய் விலை எகிறியதும் 2022 ஏப்ரல் 28இல் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23இல்தான் திறந்தது. அவன் வீட்டில் தட்டுப்பாடு வந்தால் நம் சட்டி காயும் என்று அப்போது தெரிந்தது.

அடுத்தது இலங்கை. அது தென்னை நாடு. ஆனால் காயில் பெரும்பகுதி பாலாகவும் சம்பலாகவும் வீட்டுச் சமையலுக்கே போய்விடும். எண்ணெய்க்கு மிஞ்சுவது குறைவு. அந்த இடத்தைப் பாமாயில் நிரப்பியது. 2021 மார்ச்சில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருப்பது வெளியானது. ஏப்ரல் 5இல் பாமாயில் இறக்குமதிக்குத் தடை. அந்த மாதக் கடைசியிலேயே இரசாயன உரத்துக்கும் தடை அறிவிப்பு. நவம்பரில் உரத் தடையை விலக்கிக்கொண்டார்கள், பாமாயில் தடையும் தளர்ந்தது.

இதைக் காட்டித்தான் இயற்கை விவசாயிகளைக் கேலி பண்றாங்க. அங்கே தோற்றது இயற்கை விவசாயம் இல்லை, அவசரம். தொழுவுரம், விதை, பயிற்சி எதுவும் தயார் செய்யாமல் ஒரே இரவில் நிலம் மாறாது. ஒரு வயலை மாற்றவே நமக்கு மூன்று வருடம் ஆகுதே!

ஒரு தீவு திடீரெனத் திறந்தது, இன்னொன்று திடீரென மூடியது. இரண்டிலும் உழவரை யாரும் கேட்கவில்லை.

நம் கதையும் அதுதான். 1986இல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. 1993-94க்குள் சமையல் எண்ணெயில் ஏறக்குறைய தன்னிறைவுக்கு வந்துவிட்டோம். 1994இல் பாமோலினுக்குக் கதவு திறந்தது. 1998இல் வரி 15 சதவீதமாக இறங்கியது. இன்று தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி, ஆண்டுக்குச் சுமார் 160 லட்சம் டன். 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை வரியை 20 சதவீதமாக்கினார்கள். 2025 மே மாதக் கடைசியில், ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை எடுத்து வைக்கும் நேரத்தில், அதை 10 ஆகக் குறைத்தார்கள். எதை நம்பி விதைப்பது? நிலக்கடலைக்கு 2025-26 ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். ஊரில் கொள்முதல் இல்லையென்றால் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

கடலை எண்ணெய் விலை அதிகம், ஏழைகள் வாங்க முடியாது என்பார்கள். சரியான கேள்விதான். ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பது, மீதியை அரசு கொடுப்பதால். அந்த மானியத்தில் ஒரு பங்கை நம் வயலுக்குத் திருப்பச் சொல்கிறோம். ஒரே நாளில் பாமாயிலை நிறுத்த வேண்டாம், இலங்கையைப் பார்த்தோமே. முதலில் அரியலூர், பெரம்பலூர் மாவட்டச் சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் மட்டும் உள்ளூர்க் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் கொடுக்கட்டும். உழவர் உற்பத்தியாளர் குழுக்களிடம் காயை வாங்கி, இங்கேயே ஆட்டட்டும். அடுத்தடுத்த ஆண்டில் ரேஷனுக்குக் கூட்டலாம். விதைப்புக்கு முன்பே கொள்முதல் அளவையும் விலையையும் எழுதித் தரட்டும்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. 2018இல் படைப்புழு வந்தபோது மக்காச்சோளத்தை மட்டும் நம்பியவர்கள் பட்ட பாடு பெரம்பலூருக்குத் தெரியும். அரை ஏக்கராவது கடலை போடுங்க. ஊடே துவரை, ஓரத்தில் ஆமணக்கு. வேர் முடிச்சு மண்ணுக்கு, கொடி மாட்டுக்கு, புண்ணாக்கு கரைசலுக்கு, எண்ணெய் வீட்டுக்கு. நூறு கிலோ காய் உடைத்தால் ஏறக்குறைய எழுபது கிலோ பருப்பு. அதில் விதைக்கு எடுத்துவைத்தது போக மீதியை விற்கலாம்.

அடுத்த கிராமசபையில் சத்துணவு எண்ணெய்க்கு ஒரு தீர்மானம் போடுவோம். கூடவே நம் அடுப்படியில் இருக்கிற பாக்கெட்டையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்போம்.