வெற்றிக்கு ஒரு பாடநெறி

எமது நாட்டின் கல்விக்கூடங்களில் புதியதொரு பாடம் செல்வாக்குப் பெற்று வருகிறது. மென்திறன், தொழில் வழிகாட்டல், ஆளுமை விருத்தி, தொழில் முயற்சியாண்மை என்று அதற்குப் பெயர்கள் பல. பெயர் எதுவாயினும் உபதேசம் ஒன்றே: உன்னை நீ திருத்திக்கொள், வேலை தானே வந்து சேரும். வேலை வந்து சேராவிடின், குறை உன்னுடையது. இந்த இரண்டாவது பகுதியை விரிவுரையாளர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மாணவன் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டு செல்கிறான். இவ்வுபதேசத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் ஆராயாது ஏற்கலாகாது என்பது எமது துணிபு.

கொழும்பின் குளிரூட்டிய மண்டபங்களை விட்டு, புத்தளம் மாவட்டக் கரையிலுள்ள உடப்பிலிருந்து இதனை நோக்குவோம். கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த இத்தமிழ்க் கிராமத்தைத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும், கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலும் நாடறியச் செய்தன. கரைவலை தனியொருவன் செய்யக்கூடிய தொழிலன்று. தோணியில் வலையைக் கொண்டுசென்று கடலில் வளைத்த பின், இரு முனைக் கயிறுகளையும் இரண்டு அணியினர் கரையில் நின்று இழுக்க வேண்டும். செலவு போக, வலைக்குரிய சம்மாட்டியின் பங்கும் போக, எஞ்சியது இழுத்தவர்களிடையே பிரிக்கப்படும். சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும், வலை கரையேறிவிடும். பசி மட்டும் பருவம் பார்ப்பதில்லை.

இத்தகைய குடும்பத்தின் பிள்ளையை நோக்கி, வெற்றியும் தோல்வியும் உன் மனநிலையில்தான் தங்கியுள்ளன என்று போதிப்பது எவ்வளவு உண்மை? 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தடவையில் உயர்த்தப்பட்டது. சிறு படகுகளின் இயந்திரங்களுக்கு உயிர் மண்ணெண்ணெயே. அந்த ஓர் இரவுக்குள் படகுக்காரனின் ஆளுமையில் என்ன குறை நேர்ந்துவிட்டது? அவனுடைய தன்னம்பிக்கையில் எத்தனை பங்கு குறைந்தது? இக்கேள்விகளுக்கு வெற்றிப் பாடநெறியில் விடையில்லை.

தொழில் முயற்சியாண்மையின் பாடமும் இக்கரையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1980களில் முந்தல், புத்தளம் களப்போரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் மரங்கள் அழிக்கப்பட்டன. ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து நீரை எடுத்துக் கழிவையும் அதே நீர்வழியில் விட்டனர். ஒருவன் கழித்த நீர் அடுத்தவன் பண்ணைக்குள் புகுந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது அது பண்ணைக்குப் பண்ணை தாவி முதலையும் உழைப்பையும் விழுங்கிற்று. இறால் வளர்த்தோரிடம் முயற்சி இல்லாமற் போகவில்லை. பொது நீரைப் பொதுவாகக் காக்கும் ஒழுங்குதான் இல்லாமற் போயிற்று. தனிமனித முயற்சியைப் புகழும் எந்தப் பாடநூல் இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறது?

கல்வியைத் தொழிலோடு பொருத்தும் முயற்சி புதியதன்று. 1971ஆம் ஆண்டின் இளைஞர் கிளர்ச்சியை அடுத்து, 1972இல் பாடசாலைகளில் தொழில் முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. அந்தந்தப் பிரதேசத்தின் தொழிலை ஆராய்ந்து கற்பிப்பதே நோக்கம். ஏட்டளவில் அது நன்றே. ஆயினும் பெற்றோர் ஐயுற்றனர். கடற்கரைப் பிள்ளைக்கு மீன்பிடியும் கொழும்புச் செல்வரின் பிள்ளைக்கு மருத்துவமும் என்றால், பிறந்த இடத்திலேயே பிள்ளையைக் கட்டிவைப்பதற்குப் பெயர் கல்வியா என்ற அவர்களது ஐயம் நியாயமானதே. 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அத்திட்டம் கைவிடப்பட்டது. ஏழைக்கென்று தனியொரு கல்வியை வகுத்தால் ஏழையே அதனை நம்பமாட்டான் என்பது அவ்வனுபவம் தந்த படிப்பினை.

பின்னர் வந்தவர்கள் இதனைக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2003இல் தொடங்கிய உலக வங்கித் திட்டமொன்று பட்டப்படிப்பின் 'பொருத்தப்பாடு' என்னும் சொல்லைப் பல்கலைக்கழகங்களில் நிலைநாட்டியது. எதற்குப் பொருத்தம், யாருக்குப் பொருத்தம் என்ற கேள்வி எழவில்லை. 2011 மே மாதத்தில் பல்கலைக்கழகப் புதுமுக மாணவர்களை இராணுவ முகாம்களுக்கு அழைத்துத் தலைமைத்துவப் பயிற்சி அளித்தார்கள். ஆளுமை விருத்தி அணிவகுப்பில் வந்து முடிந்தது.

உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடமுண்டு. மற்ற மூவரும் மென்திறன் குறைந்தவர்களா? 2020இல் வேலையற்ற பட்டதாரிகள் ஏறத்தாழ 50,000 பேரை அரசு பயிலுநர்களாகச் சேர்த்தது. அதற்கு முன் அவர்கள் காத்திருந்த ஆண்டுகளுக்கு, நேர்முகப் பரீட்சையில் புன்னகைக்கத் தெரியாமையா காரணம்? இடமும் வேலையும் போதாமையே காரணம். இந்தச் சமூகக் குறையைத் தனிமனிதனின் குணக்குறையாக மாற்றிக் காட்டுவதே இப்பாடங்கள் ஆளும் வர்க்கத்துக்குச் செய்யும் சேவை.

கணினியும் கணக்கியலும் வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்பதே எமது மறுமொழி. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கு அவை வீட்டிலேயே கிடைக்கும். உடப்புப் பிள்ளைக்குப் பாடசாலையை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே அரைகுறையாக அன்றி முழுமையாக வேண்டும். தமிழ்மொழிப் பாடசாலைகளுக்குக் கணித, விஞ்ஞான, தொழில்நுட்ப ஆசிரியர்கள் வேண்டும். 2013இல் உயர்தரத்தில் ஆரம்பிக்கப்பட்ட தொழில்நுட்பப் பிரிவு கிராமத்துக்கும் எட்ட வேண்டும். ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத இடத்தில் ஊக்கவுரையாளரை அனுப்பி வைப்பது, வலையில்லாதவனுக்கு அம்பாப் பாடல் கற்பிப்பதற்கு ஒப்பாகும்.

தொழிலுக்கு ஆயத்தம் செய்யும் பாடம் தொழிலின் உண்மையையும் சொல்ல வேண்டும். கொழும்புக் கடையொன்றில் வேலைக்குச் சேரும் இளைஞன், 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் சம்பளத்தில் 8 வீதத்தைத் தானும் 12 வீதத்தை முதலாளியும் செலுத்த வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அநியாயமாக நீக்கப்பட்டால் தொழில் நியாயசபைக்குச் செல்லலாம் என்பதை அறிய வேண்டும். வின்ச் இயந்திரம் கரைவலைக் கயிற்றை இழுக்க வரும்போது, மிச்சமாகும் கூலி யாரிடம் சேர்கிறது என்று கணக்கிட அவனுக்குத் தெரிய வேண்டும். கரையில் விற்ற மீனுக்கும் நகரச் சந்தையில் வாங்கிய மீனுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம் ஒரு சிறந்த வணிகக் கல்விப் பயிற்சி. கூட்டுறவுச் சங்கம் ஏன் தழைக்கிறது, ஏன் வீழ்கிறது என்பது மற்றொன்று.

ஆசிரியத் தோழர்கள் இப்பயிற்சிகளைத் தம் வகுப்பறைகளிலேயே தொடங்கலாம். அதற்குச் சுற்றுநிருபம் தேவையில்லை. மாணவ நண்பர்கள் அடுத்த வழிகாட்டல் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த மாவட்டத்தில் எத்தனை வேலைகள் உள்ளன, அவற்றின் சம்பளம் என்ன, எங்களுக்குக் கணித ஆசிரியர் எப்போது வருவார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். விடை கிடைக்கும்வரை கேட்கட்டும்.