சிர்கோனியா மிச்சம்: சோதனைக்குப் பிறகே வாய்க்குள்

காக்கநாட்டையும் சுற்றுவட்டாரத்தையும் 2023 மார்ச்சில் நாள்கணக்கில் மூச்சுத்திணற வைத்தது பிரம்மபுரம் குப்பைக் கிடங்குத் தீ. கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது பசுமைத் தீர்ப்பாயம். இவ்வளவு பட்ட பிறகு, எந்தக் கழிவையும் ‘கொஞ்சம்தானே’ என்று எர்ணாகுளம் மாவட்டம் தள்ளிவிட முடியாது. பல் ஆய்வகங்களில் செயற்கைப் பல் செய்தபின் மிஞ்சும் சிர்கோனியாவுக்கும் இது பொருந்தும்.

நாட்டின் மிகப் பெரிய பல் ஆய்வகங்களில் ஒன்றான டென்ட்கேர் இதே மாவட்டத்து மூவாற்றுப்புழையில்தான் இருக்கிறது. இத்தொழிலில் பயன்படும் சிர்கோனியா டிஸ்க், சுண்ணக்கட்டி போல வெளுத்து, 98 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கும். மில்லிங் இயந்திரம் அதிலிருந்து, பல்லின் மேல் மாட்டும் கேப்களை ஒவ்வொன்றாகக் குடைந்தெடுக்கும். கடைசியில் ஓட்டை விழுந்த வளையமும் உறிஞ்சுபையில் வெள்ளைத் தூளும் மிஞ்சும். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கில் கணிசமான பங்கு இப்படிக் குப்பைக்குப் போகிறது. இதன் மூலமான சிர்கான் மணல் சவறாவிலும் மணவாளக்குறிச்சியிலும் தோண்டியெடுக்கப்படுவது. அதைத் தூக்கியெறிவது தவறு.

ஆனால் மிச்சத்தை அரைத்து, அழுத்தி, மறுபடி சுட்டு அப்படியே நோயாளியின் வாயில் வைத்துவிடலாம் என்பதை ஏற்க முடியாது. அரைத்த தூள் கட்டிபிடிக்கும். கட்டிகளுக்கிடையே நுண்துளை தங்கும். துளை இருக்குமிடத்தில் விரிசல் தொடங்கும். அதே துளை ஒளியையும் சிதறடிப்பதால் பல் உயிரற்ற வெண்மையாகத் தெரியும். கடைவாயில் அந்த வெண்மையைப் பொறுத்துக்கொள்ளலாம், முன்பல்லில் முடியாது. நிறத்துக்காகச் சேர்த்த இரும்பு, எர்பியம் ஆக்சைடுகள் கலந்துவிட்டால் கேட்ட ஷேடு வராது. சிர்கோனியாவை நிலைப்படுத்தச் சேர்க்கும் இட்ரியா 3 மோல் சதவீதம் உள்ள டிஸ்க் 1,000 மெகாபாஸ்கல் அளவுக்குத் தாங்கும். ஒளி ஊடுருவும் 5 மோல் சதவீத வகையின் வலிமை அதில் ஏறக்குறைய பாதிதான். இரண்டையும் ஒரே வாளியில் கொட்டினால் கிடைப்பது எந்த வகை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இன்னும் பெரிய கவலை, காலம். ஈரத்தில் சிர்கோனியாவின் படிக அமைப்பு மெல்ல மாறும். அது முதல் நாள் சோதனையில் தெரியாது. பிரான்சின் டெமார்க்கே நிறுவனம் தயாரித்த சிர்கோனியா இடுப்பு மூட்டுத் தலைகள் நூற்றுக்கணக்கில் உடைந்ததால் 2001-இல் திரும்பப் பெறப்பட்டன. சூளையை மாற்றியதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. புதுத் தூளுக்கே அந்தக் கதி என்றால், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத தூளுக்கு எத்தனை மடங்கு கவனம் வேண்டும்? நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அலகுகள் கொண்ட பல் பிரிட்ஜுக்கு ஐ.எஸ்.ஓ. 6872 தரம் கேட்பது 800 மெகாபாஸ்கல் வலிமை. அதை நீராவியில் முதுமைப்படுத்திய பிறகும் காட்ட வேண்டும் என்கிறோம்.

ஆகவே, சுட்ட மிச்சமும் சுடாத மிச்சமும் தனித்தனியாக, வகை வாரியாகச் சேர்க்கப்பட வேண்டும். பிறகு சோதனையில் தேறாதவை அரவை மணிகளாகவோ சூளைப் பொருளாகவோ போகட்டும். தேறியவற்றுக்குத் தொகுதி எண் வேண்டும். மறுசுழற்சிப் பொருள் என்பதை நோயாளியிடம் சொல்லி, விலையையும் குறைக்க வேண்டும். சோதிக்கத் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனமும், செராமிக் பொருள் ஆய்வுக்குப் பெயர்பெற்ற தேசிய பலதுறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கின்றன. ஆய்வகங்களையும் இவ்விரு நிறுவனங்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் கூட்டத்தை, காக்கநாட்டில் இருக்கும் மாவட்ட ஆட்சியரகமே அழைக்கலாம். இந்த ஆண்டே அழைக்க வேண்டும்.