பொய்ப்பல்லும் மெய்த்தமிழும்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது நம் முன்னோர் மொழி. பல்லைக் கட்டினால் சொல் மீளுமா என்பதை எந்திரத்தால் அளந்தறியும் நிலைக்கு இன்று விஞ்ஞானம் வந்துள்ளது. பொய்ப்பல் அணிந்தவரின் பேச்சைப் பதிவுசெய்து, ஒலியலைகளைக் கணினியால் ஆராய்ந்து, பல் தொகுதி சரியாக அமைந்துள்ளதா என்று காண முயல்கின்றனர். ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தார், 2010 ஆம் ஆண்டளவில், பல்லிழந்தோர் பேசிய சொற்களில் எத்தனையைக் கணினி சரியாக உணர்கின்றது என்று கணக்கிட்டு, பொய்ப்பல்லின் பயனை மதிப்பிட்டனர்.

இம்முயற்சியை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் ஒன்று கேட்கின்றோம்: அக்கணினிக்கு எம்மொழி தெரியும்?

பேச்சைக் கொண்டு பல்லை அளப்பது புதிதன்று. 'ஸ்' ஒலி எழும்போது மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே எஞ்சும் சிறு வெளியை அளவாகக் கொள்ளும் முறையை, அமெரிக்கப் பல் வைத்தியர் சில்வர்மன் 1953 இல் எழுதினார். அறுபது முதல் எழுபது வரை ஆங்கிலத்தில் எண்ணச் செய்து 'ஸ்' ஒலியைச் சோதிப்பது பல் வைத்தியர் வழக்கம். பற்கள் மெழுகில் பதிந்திருக்கும் கட்டத்திலேயே இச்சோதனை நடைபெறல் வேண்டும். அப்பொழுது பல்லை நகர்த்தலாம்; அண்ணத் தகட்டின் வடிவைத் திருத்தலாம். தகடு இறுகியபின் திருத்துவது எளிதன்று.

தமிழனுக்கு இச்சோதனை மட்டும் போதுமா? த, ந என்பன நா நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறக்கும் என்றும், ழகரம் நா நுனி அண்ணத்தை வருடப் பிறக்கும் என்றும், வகரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கும் என்றும் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துரைக்கின்றது. அண்ணத் தகடு தடித்தால் முதலில் இடறுவது அண்ணத்தை நாடும் நம் எழுத்துக்களே அன்றோ? ஆங்கிலத்தில் அறுபதிலிருந்து எண்ணுவதுபோல், தமிழில் எழுபது முதல் எழுபத்தொன்பது வரை எண்ணச் செய்தால், ஒவ்வோர் எண்ணிலும் ழகரம் வந்து நிற்குமே!

இன்னொரு சிக்கலும் உண்டு. மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களில் வாழும் நம் மக்களுள் பலர் ழகரத்தை ளகரமாக ஒலிப்பர். அது பல்லின் குறையன்று. வழிவழி வந்த பேச்சு வழக்கு. ஏட்டுத் தமிழை மட்டும் கற்ற எந்திரம் அதைப் பொய்ப்பல்லின் பிழையெனத் தீர்ப்புக் கூறும்; குற்றமற்ற பல்லை அராவச் சொல்லும். ஆகவே, ஒருவர் பேச்சை அவர் ஊராரின் பேச்சோடும், இயலுமாயின் பல்லிழக்குமுன் அவரே பேசிய பேச்சோடும் ஒப்பிடுவதே முறை.

உலகப் பல் மருத்துவம் நம் மலையகத்துக்குப் பட்ட கடன் சிறிதன்று. ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டறிஞரும் அவர் குழுவினரும், 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரின் வாயை ஆராய்ந்தனர். ஆய்வு தொடங்கியபோது தொழிலாளர் 480 பேர். பல் மருத்துவ வசதியும் பல் துலக்கும் வழக்கமும் எட்டாதிருந்த அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேருக்கு ஈறு நோய் விரைந்து முற்றியது. 81 பேருக்கு அது மிதமாக வளர்ந்தது. 11 பேருக்கு வளரவே இல்லை. 1986 இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் பாடமாயிற்று. இவ்வாறு வாயைத் திறந்து காட்டி உலகுக்குப் பாடம் தந்த மக்கள், பல்லிழந்து முதுமையுற்ற காலத்தில், தம் தாய்மொழியில் வாய் திறந்து பேசிச் சோதனை பெறும் உரிமையற்றவரோ?

1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கிற்று. அவ்வுரிமை பெயர்ப்பலகையோடு நின்றுவிடலாகாது. வைத்தியர் நாற்காலிவரை செல்ல வேண்டும். வழக்கறிஞருக்கும் ஆசிரியருக்கும் சொல்லே தொழில். சந்தையில் மிளகுக்கு விலை பேசும் விவசாயிக்கும் சொல்லே துணை. சொல் குழறினால் அவர் சபையில் வாய் மூடுவார். வாய் மூடியவனின் பங்கை யார் கேட்பார்?

எனவே நாம் கேட்பது மூன்று. கண்டியை அடுத்துள்ள பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடம், மாத்தளை உள்ளிட்ட மலையக முதியோரின் பேச்சை, அவர்தம் இசைவு பெற்று, பதிவுசெய்து தொகுக்க முன்வரல் வேண்டும். அத்தொகுப்பு உருவாகும்வரை, மெழுகுக் கட்டச் சோதனையின்போது தமிழறிந்த ஒருவர் உடனிருந்து கேட்டல் வேண்டும். எந்திரம் என்ன கூறினும், அணிந்தவர் சொல்லே இறுதிச் சொல்லாதல் வேண்டும். புதுப்பல்லுக்கு நாப் பழகச் சில வாரமாகும். பேச்சு நேர்ந்தும் ஈறு புண்படலாம். அதை அறிபவர் அவர் ஒருவரே.

பல் பொய்யாயிருக்கலாம், அதனூடே வரும் தமிழ் மெய்யாயிருத்தல் வேண்டும். அதைக் கேட்கும் செவி, மனிதச் செவியாயினும் எந்திரச் செவியாயினும், தமிழறிந்த செவியாயிருக்கட்டும்!