ஒரு கல்லுக்கு மூன்று வகுப்பறைகள்



கல்லூரிச் சேர்க்கைக் காலம் இது. எந்த மேஜர், எந்தக் கல்லூரி என்ற பேச்சுதான் வீடுதோறும். மேஜரோடு சேர்த்து வேறு என்ன படிக்கலாம் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்கு என் விடை மூன்று பாடங்கள்: இலக்கியம், புராணம், புவி அறிவியலின் அறிமுகப் பாடம். ஒட்டாத மூன்றைச் சேர்த்துவிட்டதாகத் தோன்றலாம். பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமத்தைப் பாருங்கள். மூன்றும் எவ்வளவு நெருக்கம் என்பது புரியும்.

நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் கறுப்புக் கல் அது. சில கற்களின் உள்ளே சுருள் சுருளாகச் சக்கரம் தெரியும். சோழநாட்டில் பிறந்த திருமங்கையாழ்வார், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, இமயத்துச் சாளக்கிராமத் தலத்தைப் பத்துப் பாசுரங்களில் பாடினார். தம் நெஞ்சை அங்கே போகச் சொல்லிப் பாடினார். அந்தப் பாசுரங்களில் தொலைவு எப்படி ஏக்கமாக மாறுகிறது என்பதைக் கற்றுக்கொள்ள இலக்கிய வகுப்பு வேண்டும்.

கல்லுக்குள் சக்கரம் எப்படி வந்தது? புராணம் இதற்குக் கதை சொல்கிறது. திருமாலால் கற்பிழந்த துளசி அவரைக் கல்லாகும்படி சபித்தாள். அவர் சாபத்தை ஏற்றுக் கண்டகிக் கரையில் கல்லானார். அவள் உடல் அந்த ஆறாக ஓடியது. வஜ்ரகீடம் என்னும் புழு கல்லைக் குடைந்து சக்கரம் செதுக்கியது. ஒரு பெண்ணுக்குத் தெய்வமே அநீதி செய்தால் என்ன செய்வது என்ற கடினமான கேள்வி இந்தக் கதைக்குள் இருக்கிறது. அதைக் காட்டித்தருவது புராண வகுப்பு.

புவி அறிவியல் வகுப்பு வேறொரு வரலாற்றைத் திறக்கிறது. அந்தச் சுருள், அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு. இமயம் நிற்கும் இடத்தில் ஒருகாலத்தில் டெத்திஸ் கடல் இருந்தது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் அடிச் சேற்றில் புதைந்த ஓடுகள், சேறு பாறையானபோது புதைபடிவங்களாயின. பிறகு இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோத, கடலடி மலையாக உயர்ந்தது. ஆறு அந்த மலையை அரித்துக் கற்களைக் கீழே கொண்டுவருகிறது.

இந்த மூன்றில் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிரூபிக்க முயல வேண்டாம். புழு கல்லைக் குடைந்தது என்கிறது புராணம். உயிர்தான் முதலில், கல் அதற்குப் பிறகே என்கிறது அறிவியல். முன்னோர் அம்மோனைட்டை அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேசுவதும் பிழை; கதையைப் பொய் என்று ஒதுக்குவதும் பிழை. கேள்விகளே வேறு.

இந்தத் தெளிவு தமிழ் மாணவருக்கு மிகவும் தேவை. மணிமேகலையில் புகாரைக் கடல் கொள்கிறது. பிள்ளையைத் தொலைத்த சோழன் துயரத்தில் இந்திரவிழாவை மறந்ததே காரணம் என்கிறது காப்பியம். அந்தத் தந்தையின் துயரத்தை உணர இலக்கியம் வேண்டும். 1864-இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் முன்வைத்த, கடல்கொண்ட தமிழ் நிலம் என்று நம்மில் பலர் நம்பும் லெமூரியா கண்டம், நிலத்தட்டுகளின் நகர்வு 1960-களில் உறுதிப்பட்டபின் அறிவியலில் தேவையற்றதாயிற்று என்பதை அறிய ஜியாலஜி வேண்டும். அதே ஜியாலஜிதான், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்ததையும், தமிழகத்திலிருந்து இலங்கைக்குத் தரைவழி இருந்ததையும் சொல்கிறது. உண்மையான வியப்பு கையில் இருக்கும்போது கற்பனைக் கண்டம் எதற்கு?

அம்மோனைட்டைப் பார்க்க நேபாளம் வரை போகவேண்டியதில்லை. அரியலூர் மண்ணில் கிரெட்டேசியஸ் காலக் கடலின் அம்மோனைட்டுகள் ஏராளம். 1860-களிலேயே ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் அவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதத் தொடங்கினார். சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழங்கடல் தந்ததுதான். அங்கே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்களும், வக்கிராசுரன் என்ற அசுரனின் கதை சொல்லும் கோயிலும் ஒரே ஊரில் இருக்கின்றன.

பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: தமிழ்த்துறைப் பிள்ளைகளையும் ஜியாலஜிப் பிள்ளைகளையும் ஒரே பேருந்தில் அங்கே அழைத்துப் போங்கள். மாணவச் செல்வங்களே, பிற துறைப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு வரும்போது, எளிதில் மதிப்பெண் கிடைக்கும் தாளைத் தேடாதீர்கள். உங்கள் துறைக்கு மிகத் தொலைவில் இருப்பதைத் துணிந்து எடுங்கள். அப்படிப் படித்தவர்கள், அது உங்களுக்கு என்ன தந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் அனுபவம், இப்போது வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு வழி சொல்லும்.

அன்புடன்,
ஆசிரியர்