பெனீதாவின் மூவாயிரம் டொலர்



கொஞ்சம் நீண்ட பதிவு. பெண்பிள்ளை உள்ள வீட்டார் நேரமெடுத்து வாசியுங்கள். ஆண்பிள்ளை மட்டும் உள்ளவர்களும் வாசியுங்கள், கதையில் காசைத் தொலைப்பவன் ஆண்பிள்ளைதான்.

தமிழ்த்தினப் போட்டிக் காலம் வந்தால் ஆசிரியர்களாகிய நாம் நாடகப் பிரதி தேடி அலைவோம். கைக்குக் கிடைக்கும் பிரதிகளில் பெண் பாத்திரம் என்றால் பெரும்பாலும் மூன்றே பேர்தான்: நோயில் படுத்திருக்கும் உம்மா, குடிகாரக் கணவனிடம் அடிவாங்கும் மனைவி, சீதனம் இல்லாததால் கலியாணம் தள்ளிப்போகும் மூத்த மகள். மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேரும் அழுவார்கள், சபையும் அழும். ஆனால் மூன்று பேரும் எதையும் ஆசைப்படுவதில்லை. "எனக்கு இது வேண்டும், இதை அடையாமல் விடமாட்டேன்" என்று மேடையில் நின்று சொல்லும் பெண்பிள்ளையைக் காண்பது அரிது.

அப்படி ஒருத்தி வேண்டுமென்றால் கடல் கடந்து சிகாகோ நகரத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. அவள் பெயர் பெனீதா. லொரைன் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பினப் பெண் எழுதிய 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தில் வருகிறாள். வெயிலில் ஒரு முந்திரிகை வற்றல் என்று அர்த்தம். 1959 மார்ச்சில் நியூயோர்க்கின் புரோட்வே அரங்கில் அது மேடையேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. ஹான்ஸ்பெரிக்கு அப்போது வயது 28. பெனீதாவைத் தன்னுடைய சாயலிலேயே படைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1965இல், 34 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

நெருக்கடியான ஒரு வாடகை வீடு. கழிவறையைப் பக்கத்து வீட்டாருடன் பங்குபோட வேண்டும். உம்மா லீனா, மகன் வோல்ட்டர், மருமகள் ரூத், முன்னறை சோபாவில் படுத்துறங்கும் பேரப்பிள்ளை, கல்லூரியில் படிக்கும் மகள் பெனீதா என்று ஐந்து பேர். மகன் ஒரு பணக்காரருக்குக் கார் ஓட்டுகிறான். உம்மாவும் மருமகளும் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். வாப்பா உழைத்து உழைத்தே இறந்துவிட்டார். அவருடைய காப்புறுதிக் காசு 10,000 டொலர் வரப்போகிறது. நாடகம் தொடங்குவது அந்தக் காசோலைக்குக் காத்திருக்கும் வீட்டில்தான்.

பெனீதாவுக்கு டாக்டர் ஆகவேண்டும். அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று ஒரு காட்சியில் சொல்கிறாள். சின்ன வயதில் பனிக்கட்டி மூடிய படிக்கட்டில் சறுக்கி விளையாடிய ஒரு பையன் விழுந்து முகம் பிளந்துபோகிறான். அவன் செத்தான் என்றே நினைத்திருக்கிறாள். கொஞ்ச நாளில் முகத்தில் ஒரு தழும்போடு திரும்பி வருகிறான். உடைந்த மனிதனை இன்னொரு மனிதன் திருத்தித் தரலாம் என்பது அன்றைக்கு அவள் மனதில் பதிந்துவிட்டது.

வீட்டில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. தாதியாகலாமே, கலியாணம் முடிக்கலாமே என்று வோல்ட்டர் குத்திக் காட்டுகிறான். ஜோர்ஜ் என்ற பணக்கார மாப்பிள்ளை வந்துபோகிறான். அவனுக்கு அவளுடைய முகம் வேண்டும், பேச்சு வேண்டாம். நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த அசகாய் என்ற மாணவன் அவளை மதிக்கிறான். அவனும் கடைசியில் கலியாணம் முடித்துத் தன் நாட்டுக்கு வந்து வைத்தியம் பார்க்கச் சொல்கிறான். அவள் யாருக்கும் உடனே பதில் சொல்வதில்லை.

காசோலை வருகிறது. உம்மா முதலில் 3,500 டொலரை முற்பணமாகக் கொடுத்து ஒரு வீடு பேசுகிறாள். மீதி 6,500 டொலரை மகனிடம் ஒப்படைத்து, அதில் 3,000 டொலரைத் தங்கச்சியின் மருத்துவப் படிப்புக்காக வங்கியில் போடு, மிச்சத்தை நீ பொறுப்பாகப் பார் என்கிறாள். அவன் வங்கிக்குப் போகவில்லை. சாராயக் கடை போடும் ஆசையில் தன் பங்கையும் தங்கச்சியின் பங்கையும் சேர்த்து ஒரு கூட்டாளியிடம் கொடுக்கிறான். கூட்டாளி காசோடு ஓடிவிடுகிறான்.

நாடகத்தின் முடிவில் குடும்பம் புது வீட்டுக்குப் போகிறது. வெள்ளையர் குடியிருப்புக்குக் கறுப்பினக் குடும்பம் வரக்கூடாது என்று காசு கொடுத்துத் தடுக்க வந்த மனிதரை வோல்ட்டரே திருப்பி அனுப்புகிறான். சபை கைதட்டும் இடம் அது. ஹான்ஸ்பெரியின் சொந்தக் குடும்பமே அப்படி ஒரு வீட்டுக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1940இல் தீர்ப்புப் பெற்ற குடும்பம். அதனால் அந்த வீட்டின் பெறுமதியை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கைதட்டல் ஓய்ந்த பிறகு ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. வீடு வந்துவிட்டது, பெனீதாவின் மூவாயிரம் எங்கே?

இனி நம் ஊருக்கு வருவோம்.

உப்புவெளி, ஜமாலியா, கிண்ணியா, மூதூர், புல்மோட்டை, எந்தப் பக்கம் போனாலும் ஒரு வளவுக்குள் எத்தனை அத்திவாரம் என்று எண்ணினால் அந்த வீட்டில் எத்தனை பெண்பிள்ளை என்று தெரிந்துவிடும். பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே கல்லும் மண்ணும் வந்து இறங்கிவிடும். வாப்பாவின் கடல் தொழிலும், நானாவின் கத்தார் சம்பளமும், உம்மாவின் சீட்டுக் காசும் அந்தச் சுவருக்குள் போகும். தங்கச்சிக்கு வீடு கட்டி முடித்த பிறகுதான் தனக்குக் கலியாணம் என்று முப்பது வயது தாண்டியும் வெயிலில் நிற்கும் நானாமார் நம்மில் நிறையப் பேர். வோல்ட்டரைப் போல அவர்கள் காசைத் தொலைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது.

பெண்ணின் பெயரில் வீடு இருப்பது சின்ன விஷயமும் இல்லை. கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் அவளை வெளியே போ என்று சொல்ல யாராலும் முடியாது. சுனாமியையும் 2006 மூதூர் இடப்பெயர்வையும் கண்ட மாவட்டம் இது. தலைக்கு மேல் கூரை என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நம் கேள்வி வேறு. வீட்டுக்காக இவ்வளவு முன்கூட்டியே திட்டம் போடும் நாம், அவளுடைய படிப்புக்கென்று தனியாக என்ன ஒதுக்கி வைத்திருக்கிறோம்?

"படிப்பு இலவசம்தானே" என்பார்கள். உண்மைதான், 1945இலிருந்து இந்த நாட்டில் கல்வி இலவசம். மருத்துவ பீடத்திலும் கட்டணம் இல்லை. ஆனால் அந்த வாசல் வரை போகும் வழி இலவசம் இல்லை. உயர்தர உயிரியல் பிரிவு எல்லாப் பாடசாலையிலும் கிடையாது. இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் டவுனுக்கு டியூசன் போகவேண்டும். பஸ் காசு, புத்தகக் காசு, மாலையில் கூட்டிவர ஒரு ஆள். தெரிவான பிறகும் தூர ஊரில் ஐந்து வருடச் சாப்பாடும் தங்குமிடமும் இருக்கிறது. டைல்ஸ் பதிக்கும் மாதமும் டியூசன் காசு கட்டும் மாதமும் ஒன்றாக வந்தால் எது தள்ளிப்போகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

காசை விடப் பெரிய செலவு காலம். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பது சட்டம். மருத்துவத்துக்குத் தெரிவாகும் பிள்ளைகளில் பலர் இரண்டாம், மூன்றாம் தடவையில்தான் தெரிவாகிறார்கள். ஆண்பிள்ளைக்கு அந்த மூன்று தடவையும் கிடைக்கும். பெண்பிள்ளைக்குப் பல வீடுகளில் ஒரே தடவைதான். பெறுபேறு வர மாதக்கணக்கு, பல்கலைக்கழகம் கூப்பிட இன்னும் மாதக்கணக்கு. அந்த இடைவெளியில்தான் மாப்பிள்ளை பேச்சு வாசலில் வந்து நிற்கும். "நல்ல இடம், விட்டால் கிடைக்காது." இசட் புள்ளியில் கொஞ்சம் குறைந்து போன பிள்ளை அடுத்த வருடம் எழுதியிருந்தால் எங்கே போயிருப்பாள் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் திருகோணமலையும் ஒன்று. அதாவது அரசாங்கமே நம் பிள்ளைகளுக்கென்று இடம் எழுதி வைத்திருக்கிறது. நம் வீட்டில் அவள் பெயரில் எழுதி வைத்தது என்ன?

இன்னொன்றையும் யோசியுங்கள். டாக்டர் மாப்பிள்ளை என்றால் வீடு, வளவு, நகை, சிலசமயம் வாகனமும் என்று கொடுக்க நம்மவர் தயார். கடன்பட்டாவது கொடுக்கிறார்கள். அதில் கால்வாசியை முன்னரே செலவழித்திருந்தால் டாக்டர் மகளே வீட்டில் இருந்திருப்பாளே! பிரசவ விடுதிக்குப் போனால் பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்கும் சமூகம் நாம். அந்தப் பெண் டாக்டர் யாருடைய மகளாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறோம்?

பெனீதாவின் கதையில் நம்மைச் சுடும் இடம் ஒன்று உண்டு. உம்மா மோசம் செய்யவில்லை, மறக்கவும் இல்லை. மகளுக்கென்று மூவாயிரம் என்று சரியாகக் கணக்குப் போட்டாள். ஆனால் மகளுடைய காசை மகளுக்குச் சொல்லாமல், மகள் பெயரில் போடாமல், மகன் கையில் கொடுத்தாள். நம் மார்க்கத்தில் இதற்கு அமானிதம் என்று பெயர். அமானிதக் காசில் கைவைக்க அண்ணனுக்கும் உரிமை இல்லை, வாப்பாவுக்கும் இல்லை. பெண்ணின் சொத்து பெண்ணுக்கே சொந்தம் என்று சொன்ன மார்க்கம் இது. கதீஜா நாயகி (ரலி) தன் சொந்த முதலில் வியாபாரம் செய்த சீமாட்டி. மஹரைக்கூட அவளுடைய கையில் கொடு என்றுதான் நமக்குக் கட்டளை. அப்படியிருக்க, படிப்புக் காசு என்று வரும்போது மட்டும் ஏன் "வீட்டுக் காசு" என்று பொதுவில் கலந்துவிடுகிறோம்?

சிலர் கேட்பார்கள்: அந்த பெனீதா இறைவனை மறுத்துப் பேசுகிறவள்தானே, அவளையா நம் பிள்ளைகளுக்குக் காட்டுவது? ஆம், ஒரு காட்சியில் அப்படிப் பேசுகிறாள். அந்த இடத்தில் நாம் உம்மாவின் பக்கம். உம்மா அவள் கன்னத்தில் அறைகிறாள், இந்த வீட்டில் இறைவன் இருக்கிறான் என்று மகளின் வாயாலேயே சொல்ல வைக்கிறாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த உம்மா செய்ததைக் கவனியுங்கள். கோபத்தில் மகளின் படிப்பை நிறுத்தவில்லை. காசோலை வந்தபோது மூவாயிரத்தை ஒதுக்கியவள் அதே உம்மாதான். நம் வீடுகளில் பிள்ளை கொஞ்சம் எதிர்த்துப் பேசினால், போனைத் தூக்கினால், ஒரு பாடத்தில் சறுக்கினால், முதலில் வரும் தண்டனை "நாளையிலிருந்து டியூசன் இல்லை" என்பதுதான். ஈமானைக் கற்பிக்கலாம், ஒழுக்கத்தைத் திருத்தலாம். அதற்குப் படிப்பைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

பெனீதா குறையில்லாத பிள்ளையும் இல்லை. கிட்டார் என்பாள், குதிரைச் சவாரி என்பாள், கொஞ்ச நாளில் விட்டுவிடுவாள். அண்ணனை மட்டம் தட்டிப் பேசுவாள். அதனால்தான் அவளை நம்பமுடிகிறது. ஆசையுள்ள பெண்பிள்ளை அடக்கமான பதுமையாக இருந்தால்தான் ஆதரிப்போம் என்றால் நாம் யாரையுமே ஆதரிக்கப்போவதில்லை.

ஆகவே, நாம் கேட்பது மூன்றுதான்.

ஒன்று, அத்திவாரம் போடும் அன்றே அவள் பெயரில் ஒரு கணக்கும் திறவுங்கள். 18 வயது வரை இலகுவில் எடுக்க முடியாத சிறுவர் கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. மாதம் சிறு தொகை போதும். அது படிப்புக் காசு என்று அவளுக்கும் சொல்லுங்கள், நானாவுக்கும் சொல்லுங்கள்.

இரண்டு, இரண்டாம் தடவை எழுத அவள் கேட்டால் மாப்பிள்ளை பேச்சை ஒரு வருடம் தள்ளிவையுங்கள். முடியவே முடியாது என்றால், படிப்புத் தொடரும் என்பதை நிக்காஹ்வுக்கு முன்னரே இரு வீட்டாரும் பெரியவர்கள் முன்னிலையில் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆசிரியர்களாகிய நமக்கு. அடுத்த தமிழ்த்தினப் போட்டிக்கு அழுகிற பெண்ணை மேடையேற்ற வேண்டாம். ஆசைப்படுகிற ஒருத்தியை எழுதுவோம். உப்புவெளிக் கடற்கரை ஓரத்தில் உயிரியல் புத்தகத்தோடு இருக்கும் பிள்ளை, பாதி எழும்பிய வீடு, கத்தாரிலிருந்து வரும் போன், வாசலில் மாப்பிள்ளை வீட்டார். இவ்வளவும் நம் தெருவிலேயே இருக்கிறது, சிகாகோவுக்குப் போகத் தேவையில்லை.

பெனீதா டாக்டர் ஆனாளா இல்லையா என்று ஹான்ஸ்பெரி சொல்லவில்லை. நாடகம் முடியும்போதும் அவளிடம் ஆசை இருக்கிறது, காசு இல்லை. நம் பிள்ளைகளின் கதையில் அந்த இடத்தை நிரப்ப இன்னும் காலம் இருக்கிறது. கருத்து வேறுபாடு உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், பேசுவோம்.

வஸ்ஸலாம்.