வாட்டு மாடியில் புத்தகங்கள்

நோட்டன் பிரிட்ஜில் மழை வலுத்தால் நீர்த்தேக்கத்தின் வான்கதவு திறக்கும். கெசல்கமு ஓயாவின் இரைச்சல் எங்கள் தோட்ட லயம்வரை கேட்கும். சின்ன வயதில் அப்படியொரு இரவில் கூரைத் தகரம் ஒழுகி என் வாசிப்புப் புத்தகம் ஊறிப்போனது. அம்மா அதை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார். காலையில் அட்டை சுருண்டு, தாள் தாளோடு ஒட்டிக் கிடந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது அந்தப் புத்தகம் நினைவுக்கு வந்தது. உயிரும் வீடும்தான் முதலில். ஆனால் நனைந்த புத்தகம் காத்திருக்காது. இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் நூலகத்துக்கான ஏற்பாடு வெள்ளத்துக்கு முன்பே இருக்க வேண்டும்.

1966 நவம்பர் 4ஆம் திகதி ஆர்னோ ஆறு பெருகி, இத்தாலியில் ஃபுளோரன்ஸ் தேசிய நூலகத்துக்குள் புகுந்தது. சேறு படிந்த நூல்களை எங்கெங்கிருந்தோ வந்த மாணவர்கள் வரிசையாக நின்று கைமாற்றி வெளியே எடுத்தார்கள். அவற்றில் பல, புகையிலை உலர்த்தும் கொட்டகைகளுக்குப் போயின. சூடு மிஞ்சிய இடங்களில் தோல் அட்டைகள் சுருங்கின.

புகையிலைக் கொட்டகை என்றதும் எங்கள் தேயிலை ஃபெக்டரியின் மேல்மாடிதான் என் கண்ணில் நின்றது. கம்பிவலைத் தட்டில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறிக் காற்று விட்டு, இரவு முழுக்க வாட்டுகிறோம். சூட்டில் காய வைப்பதெல்லாம் கடைசியில்தான். புத்தகத்துக்கு அந்த வாட்டு போதும், நாள் மட்டும் கூடுதலாக எடுக்கும். சேறான புத்தகத்தை விரிக்காமல், மூடியபடியே நல்ல தண்ணீரில் அலசி, நிமிர்த்தி வைத்து, தாள்களை லேசாக விரித்துவிட வேண்டும். பளபளப்புத் தாள் ஒட்டிக் காய்ந்தால் பிரிக்க முடியாது. அதை உடனே மீன்கடைக் குளிர்பெட்டியில் உறையவைத்தால் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

கொழுந்துத் தட்டில் வெள்ளச் சேறு படக்கூடாது என்று தோட்ட நிர்வாகம் சொன்னால் அது நியாயம். மூடிக்கிடக்கும் ஃபெக்டரி மாடிகளைத் தரலாமே.

பாடநூல் மறுபடி அச்சாகும். தோட்டத்துக் கோயில் திருவிழா மலரும், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரமும், சில நூறு பிரதிகளே வந்த கவிதைத் தொகுப்பும் அச்சாகாது. முதலில் தூக்க வேண்டியவை அவைதான். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்னாக்கிவரும் ‘நூலகம்’ திட்டத்தினரிடம் அவற்றை இப்போதே கொடுத்துவைப்பது இன்னும் நல்லது.

பிரதேச சபையும் தோட்ட நிர்வாகமும் அடுத்த பருவமழைக்கு முன் ஒரு தடவை உட்கார்ந்து பேசட்டும். அதுவரை, நனைந்த புத்தகம் எதையும் குப்பை லொறிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.